வெளியேறும் வழியும் விவாதத்தின் நாகரிகமும்



பலர் கூடிப் பேசும் இடத்தில் பண்பு குலைந்தால் நாம் உடனே மனிதர்களைத்தான் குறை சொல்கிறோம். படித்தவர்களே இப்படிப் பேசலாமா என்று ஆதங்கப்படுகிறோம். மின்னஞ்சல் வழியாக நடக்கும் குழு விவாதங்களைப் பற்றியும் இந்தப் புலம்பல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கிறது. தீர்வாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அறிவுரைதான்: பொறுமையாக இருங்கள், மரியாதையாக எழுதுங்கள், தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். இந்த அறிவுரைகளில் தவறில்லை. ஆனால் அவை மட்டுமே போதுமென்றால் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்திருக்கும். இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான்: ஒரு மடலாடற்குழுவின் பேச்சு நாகரிகம் அதன் உறுப்பினர்களுடைய குணத்தைவிட அக்குழுவின் அமைப்பையே அதிகம் சார்ந்திருக்கிறது. அந்த அமைப்பிலும் முதன்மையானது, ஒருவர் அதில் எப்படிச் சேர்கிறார், எப்படி விலகுகிறார் என்பது. சந்தா நிர்வாகம் என்று நாம் எழுத்தர் வேலையாக ஒதுக்கி வைக்கும் விஷயமே ஒழுக்கத்தின் அடித்தளம் என்பதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1975-இல் அமெரிக்க ஆர்ப்பாநெட் வலையமைப்பில் எம்.எஸ்.ஜி. குரூப் என்ற குழு தொடங்கியது. மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மின்னஞ்சல் வழியாகவே விவாதித்த குழு அது. அன்றைய குழுக்களில் பெயர்ப்பட்டியலை ஒரு மனிதர் கையால் பராமரித்தார். சேர வேண்டுமா, அவருக்கு எழுத வேண்டும். விலக வேண்டுமா, அப்போதும் அவருக்குத்தான் எழுத வேண்டும். சில நூறு பேர் இருக்கும்வரை இது தாங்கியது. பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையமைப்பில் குழுக்கள் பெருகியதும் தாங்கவில்லை. பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ் 1986-இல் எழுதிய லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருள் இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ஒருவர் ஒற்றை வரிக் கட்டளையை அனுப்பினால் போதும். பெயர் சேரும், அல்லது நீங்கும். இதை வெறும் வேலைச்சுமைக் குறைப்பாக மட்டும் பார்க்க முடியாது. விலகுவதற்கு இன்னொரு மனிதரின் தயவோ ஓய்வு நேரமோ தேவையில்லை என்ற நிலை அப்போதுதான் உருவானது.

ஆனால் இந்த ஏற்பாட்டுடன் ஒரு குழப்பமும் பிறந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்றுக்கு எழுதினால் எல்லா உறுப்பினருக்கும் போகும். மற்றொன்றுக்கு எழுதினால் சந்தாவைக் கவனிக்கும் நிரலுக்கு மட்டும் போகும். மண்டபத்தின் ஒலிபெருக்கிக்கும் அலுவலக அறைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அலுவலக அறை எங்கே இருக்கிறதென்று தெரியாதவர் ஒலிபெருக்கியைப் பிடித்து “என் பெயரை எடுங்கள்” என்று கேட்கிறார். இணைய நடத்தை குறித்து 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து வெளியான ஆர்.எஃப்.சி. 1855 (இணைய நெறிகளைப் பதியும் ஆர்.எஃப்.சி. வரிசையின் ஓர் ஆவணம்) இந்தக் குழப்பத்தை நன்கு அறிந்திருந்தது. சேரும்போது வரும் முதல் மடலைப் பத்திரப்படுத்துங்கள், விலகும் முறை அதில்தான் இருக்கும் என்று அது சொன்னது. சந்தா தொடர்பான மடல்களை உரிய முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள், நீண்ட நாள் அஞ்சல் பார்க்க முடியாதென்றால் விலகிவிடுங்கள் அல்லது மடல் வரவை நிறுத்தி வையுங்கள் என்றும் சொன்னது. பணிவான பேச்சைப் பற்றிய அறிவுரைகளோடு இந்த நடைமுறைக் குறிப்புகளும் ஒரே ஆவணத்தில் கலந்து நிற்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள் என்பதை எழுதியவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள்.

விலகும் வழி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1997 அக்டோபர் 14 சிறந்த சான்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் பெட்லாம் டி.எல்.3 என்ற பெயரில் ஒரு முகவரிப் பட்டியல் இருந்தது. அதில் பல்லாயிரம் ஊழியர்களின் பெயர்கள் அவர்கள் அறியாமலே சேர்க்கப்பட்டிருந்தன. அன்று ஒருவர், நான் ஏன் இதில் இருக்கிறேன், என்னை நீக்குங்கள் என்று பட்டியலுக்கே எழுதினார். அது எல்லோருக்கும் போனது. என்னையும் நீக்குங்கள் என்று பலர் எழுதினார்கள். அவையும் எல்லோருக்கும் போயின. எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள் என்று கண்டித்தவர்களும் எல்லோருக்குமே எழுதினார்கள். உலகின் முன்னணி மென்பொருள் நிறுவனத்தின் அஞ்சல் கணினிகள் திணறின. 2016 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையில் இதே கதை நடந்தது. ஒரு சோதனை மடல் 8 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குத் தவறிப் போக, அதற்கு எழுந்த பதில்கள் மருத்துவமனைகளின் அஞ்சல் போக்குவரத்தையே முடக்கின. இந்த இரண்டு நிகழ்விலும் கோபமாக எழுதியவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். மென்பொறியாளர்கள், செவிலியர், மருத்துவர், அலுவலர். கேட்காமல் உள்ளே இழுக்கப்பட்டார்கள். வெளியே போக வழி தெரியவில்லை. அதனால் கையில் கிடைத்த ஒரே கருவியான குரலை உயர்த்தினார்கள்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலொன்றில், ஓர் அமைப்பு தரம் தாழும்போது அதன் உறுப்பினருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, குரல் எழுப்புவது. முதல் வழி அடைபட்டால் அழுத்தம் முழுவதும் இரண்டாவதில் சேரும். மடலாடற்குழுக்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தொழில்நுட்ப உலகமும் மெல்ல மெல்ல வெளியேறும் வழியைத் திறந்துவைக்கும் பக்கமே நகர்ந்திருக்கிறது. 1998 ஜூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 2369, குழுவின் ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் விலகும் முகவரி, உதவி முகவரி, பொறுப்பாளர் முகவரி ஆகியவற்றை இயந்திரம் படிக்கும் வடிவில் சேர்க்கும் முறையை வகுத்தது. 2017-இல் ஆர்.எஃப்.சி. 8058 ஒரே சொடுக்கில் விலகும் முறையைத் தந்தது. 2024-இல் கூகுளும் யாஹூவும் பெருமளவில் சந்தா மடல்கள் அனுப்புவோருக்கு அதைக் கட்டாயமாக்கின. சேரும் பக்கத்திலும் இதே கவனம் தேவைப்பட்டது. ஒருவரின் முகவரியை வேறொருவர் குறும்புக்காகவோ பகைக்காகவோ நூறு குழுக்களில் பதிந்துவிட முடியும். ஆகவே மெயில்மேன் போன்ற மென்பொருள்கள் அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடலை அனுப்பி, அவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயரைச் சேர்க்கும். தானே விரும்பி நுழைந்தவரும் நினைத்தால் போகலாம் என்று அறிந்தவரும் பேசும் தொனி, மாட்டிக்கொண்டவர் பேசும் தொனியைப் போல இருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை எழுப்புபவரும் ஹிர்ஷ்மன்தான். வெளியேறுவது மிக எளிதானால் தரத்தை அதிகம் மதிப்பவர்கள்தான் முதலில் போவார்கள். குரல் எழுப்பிச் சீர்திருத்தக் கூடியவர்கள் போனபின் எஞ்சுவது சந்தைக்கடை இரைச்சல் மட்டுமே என்பது அந்த வாதம். மடலாடற்குழுக்களில் இது நடக்காமலும் இல்லை. இரண்டு பேர் மூன்று நாள் மல்லுக்கட்டினால் நல்ல உறுப்பினர் முப்பது பேர் சத்தமின்றி நழுவிவிடுவார்கள். இதற்கு விடை, கதவை அடைப்பதில் இல்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே போவதற்கும் இடையில் பல படிகளை அமைப்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மடலாகப் பெறாமல் நாளுக்கு ஒருமுறை தொகுப்பாகப் பெறலாம். உறுப்பினராக இருந்துகொண்டே மடல் வரவை நிறுத்தி, வேண்டும்போது சேமிப்பகத்தில் படிக்கலாம். தலைப்பு வரி ஒழுங்காக இருந்தால் ஓர் உரையாடல் இழையை மட்டும் ஒதுக்கிவிடலாம். இந்தப் படிகள் இருக்கும் குழுவில் சலிப்படைந்தவர் முற்றாக விலக வேண்டியதில்லை. புயல் ஓய்ந்ததும் திரும்பி வருவார். இதனால் தலைப்பு வரியை மாற்றாமல் பேச்சைத் திசைதிருப்புவதும், முந்தைய மடல் முழுவதையும் அடியில் தொங்கவிட்டு ஒற்றை வரி பதில் எழுதுவதும் அழகியல் குற்றங்களாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மற்றவர்கள் வேண்டாததைத் தவிர்க்கும் உரிமையை அவை பறிக்கின்றன.

அடுத்து, உள்ளே இருப்பவர்கள் பேசும் முறைக்கு வருவோம். எழுத்து தொனியைச் சுமப்பதில்லை என்பதை முதல் குழுக்களே உணர்ந்தன. எம்.எஸ்.ஜி. குரூப்பில் 1979-இலேயே ஒருவர் கிண்டலைக் காட்டத் தனிக் குறி வேண்டும் என்றார். 1982 செப்டம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் அங்கிருந்த மின் அறிவிப்புப் பலகையில் சிரிப்புக் குறியை முன்மொழிந்தார். அவர்கள் உள்ளுணர்வால் கண்டதை 2005-இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோரின் ஆய்வு அளந்து காட்டியது. கிண்டலையும் கிண்டலற்ற பேச்சையும் படிப்பவர் சரியாகப் பிரித்தறிவார் என்று மின்னஞ்சல் எழுதியவர்கள் எதிர்பார்த்தது சுமார் 78 விழுக்காடு. உண்மையில் அறிந்தது 56 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். குரலில் சொன்னபோது 70-ஐத் தாண்டியது. இதில் கவனிக்க வேண்டியது பிழையின் அளவைவிட, எழுதியவரின் தன்னம்பிக்கை. தான் தெளிவாகச் சொல்லிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். எனவே, தவறாகப் புரிந்துகொண்டவர் மீது அவருக்கு வரும் கோபமும் உண்மையானதே. நல்ல மனம் கொண்ட இருவருக்கு இடையே சண்டை மூள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது; காலத்தையும் வழியையும் அமைத்துத் தர வேண்டும். உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு கழித்து அனுப்புங்கள் என்று ஆர்.எஃப்.சி. 1855 சொல்வது காலத்தை அமைப்பது. புதியவர் ஓரிரு மாதம் படித்துவிட்டு எழுதத் தொடங்கட்டும் என்று அது சொல்வதும் அவ்வாறே. பதில் எங்கே போகும் என்பது வழியை அமைப்பது. சில குழுக்களில் பதில் பொத்தானை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும். சிலவற்றில் குழு முழுவதற்கும் போகும். பேச்சு வளர வேண்டுமானால் குழுவுக்கே போகட்டும் என்பார்கள் பலர். இரண்டு தவறுகளையும் எடை போட்டுப் பாருங்கள். குழுவுக்கு என்று நினைத்துத் தனி ஒருவருக்கு அனுப்பிவிட்டால் மறுமுறை அனுப்பினால் தீர்ந்தது. தனி ஒருவருக்கு என்று நினைத்து ஒரு வசையையோ நோய்ச் செய்தியையோ குழுவுக்கு அனுப்பிவிட்டால் அதைத் திரும்பப் பெறவே முடியாது. திருத்தக்கூடிய தவறு நேரும்படி அமைப்பதே விவேகம். தனியே கடிந்துகொள்வது எளிதாக இருக்கும் இடத்தில் பொதுவில் அவமானப்படுத்துவது குறையும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கெடுத்துக்கொண்டே இருந்தால்? இங்கே இணையப் பொறியியல் செயற்குழுவான ஐ.இ.டி.எஃப். நமக்கு நல்ல பாடம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுக்கும் இந்த அமைப்பில் நேர்முகக் கூட்டங்களில் எட்டும் முடிவுகூட மடலாடற்குழுவில் உறுதிசெய்யப்பட வேண்டும். அதாவது அங்கே மடல் எழுதும் உரிமை கிட்டத்தட்ட வாக்குரிமைக்கு ஒப்பானது. அவ்வளவு மதிப்புள்ள உரிமையை எப்படித் தடுப்பது? 2004 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 3934 ஒரு வரிசையை வகுத்தது. முதலில் தலைவர் அவருக்குத் தனியாக எழுத வேண்டும். அது பலிக்காவிட்டால் குழுவில் வெளிப்படையாக ஒரு முறையாவது எச்சரிக்க வேண்டும். கடைசி வழியாக, எழுதும் உரிமையை 30 நாளுக்கு மிகாமல் நிறுத்தி வைக்கலாம். அந்த நாட்களிலும் குழுவின் மடல்கள் அவருக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். வாயை மூடலாம், காதை மூடக் கூடாது என்ற இந்த வேறுபாடு நுட்பமானது. தண்டனை பெற்றவர் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று ஐயுறத் தேவையில்லை. தவணை முடிந்ததும் தொடர்பு அறாமல் திரும்பலாம்.

2009-இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ராம், நீர்ப்பாசனம், மேய்ச்சல் நிலம், மீன்வளம் போன்ற பொதுவளங்களை நீண்டகாலம் காத்த சமூகங்களை ஆராய்ந்து 1990-இல் எழுதியபோது, அவற்றுக்குப் பொதுவான கூறுகளில் ஒன்றாகப் படிப்படியாக உயரும் தண்டனையைக் குறிப்பிட்டார். முதல் தவறுக்குச் சிறு அபராதம். திரும்பச் செய்தால் கூடுதல். யாருக்கு அந்த வளத்தில் பங்குண்டு என்ற எல்லை தெளிவாக இருப்பதையும் முக்கியமாகச் சொன்னார். மடலாடற்குழுவில் பகிரப்படும் பொதுவளம் உறுப்பினர்களின் கவனம். ஆயிரம் பேர் உள்ள குழுவில் ஒரு வெட்டி மடலைப் பார்த்து அழிக்க ஆளுக்குப் பத்து நொடி ஆகிறதென்றால், மொத்தம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் செலவாகிறது. எழுதியவருக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். பயன் ஒருவருக்கும் சுமை பலருக்குமாக இருக்கும் எந்த வளத்துக்கும் எல்லையும் கண்காணிப்பும் வேண்டும்.

இதை எதிர்ப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. விதிகளும் மட்டுறுத்தலும் கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும், முகத்துக்கு நேரே கடுமையாகச் சொல்லும் இடத்தில்தான் நல்ல பணி விளையும் என்பார்கள். அவர்கள் நெடுநாள் எடுத்துக்காட்டியது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தை (கெர்னல்) உருவாக்குவோரின் மடலாடற்குழு. அதன் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ் சுடுசொல்லுக்குப் பேர்போனவர். அதே குழுதான் உலகின் பெரும்பாலான வலைச் சேவையகங்களை இயக்கும் மென்பொருளைப் படைத்தது. ஆனால் அந்தக் குழுவே தன் வழக்கத்தை மறுபரிசீலனை செய்தது. 2015-இல் மோதல்களைக் கையாளும் சுருக்கமான நெறி ஒன்றை ஏற்றது. அது போதாமல் 2018 செப்டம்பரில் விரிவான நடத்தை விதிகளை ஏற்றது. அதே வாரத்தில் டோர்வால்ட்ஸ் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதன் பிறகும் கருவகத்தின் புதிய பதிப்புகள் வழக்கம்போல் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நிரலைக் கடுமையாக விமர்சிப்பது ஒன்று, நிரலை எழுதியவரைத் தூற்றுவது வேறு. முதலாவது நின்றிருந்தால் தரம் குறைந்திருக்கும். இரண்டாவது இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்கு அந்தக் குழுவே சாட்சி.

மட்டுறுத்துபவரின் அதிகாரம் பற்றிய அச்சம் இதைவிட நியாயமானது. தமிழில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1990-களின் நடுவில் சிட்னியில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட், பல நாட்டுத் தமிழர்களைத் தமிழ் எழுத்திலேயே மடலாட வைத்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்கும் மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் முயற்சி 1998 பொங்கலில் தொடங்கியபோது தன்னார்வலர்களைப் பிணைத்தது மின்னஞ்சல்தான். திஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கம் மடல்வழி விவாதங்களில் உருப்பெற்றது. பின்னர் யாஹூ குழுமங்களில் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் எனப் பல குழுக்கள் எழுந்தன. இத்தகைய குழுக்கள் எல்லாவற்றிலும் ஓயாத கேள்வி, மடலை வெளியிடும் முன் பார்ப்பதா, வெளியான பின் பார்ப்பதா என்பது. முன்கூட்டிப் பார்த்தால் சண்டை குறையும். ஆனால் மட்டுறுத்துபவர் தூங்கும் நேரத்தில் பேச்சும் தூங்கும், எதை நிறுத்தினார் என்பதும் யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவழி உண்டு. புதிய உறுப்பினரின் முதல் சில மடல்களை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு அவரைத் தடையின்றி எழுத விடலாம். நிறுத்திய மடலுக்குக் காரணம் சொல்வதும், விதிகளை முன்பே எழுதிவைப்பதும், மட்டுறுத்துபவரே விவாதத்தில் ஒரு கட்சியாக இருக்கும்போது தீர்ப்பை இன்னொருவரிடம் விடுவதும் அதிகாரத்துக்குக் கடிவாளம். உறுப்பினர் நினைத்தபோது விலகலாம் என்பதே இவை எல்லாவற்றிலும் பெரிய கடிவாளம். வெளியேற முடியாதவர்களை ஆள்பவருக்கு நியாயமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மின்னஞ்சல் குழுக்களின் காலம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்த ஆராய்ச்சி என்று சிலர் கேட்கக்கூடும். வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். நம் எண்ணை வைத்திருக்கும் எவரும் நம்மைக் கேட்காமல் குழுவில் சேர்த்துவிடலாம் என்ற நிலைதான் அங்கே முதலில் இருந்தது. யார் தன்னைச் சேர்க்கலாம் என்று பயனரே தீர்மானிக்கும் வசதி 2019-இல்தான் வந்தது. விலகினால் “இன்னார் வெளியேறினார்” என்று எல்லோருக்கும் பறைசாற்றியது அந்தச் செயலி. சொந்தக்காரர் குழுவிலிருந்து விலகுவது உறவை முறிப்பதாகவே பார்க்கப்பட்டது. நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி அமைதியாக விலகும் வழி 2022-இல் அறிவிக்கப்பட்டது. மின்னஞ்சல் குழுக்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கற்ற அதே பாடத்தை இந்த ஊடகம் புதிதாகக் கற்றது. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, உறுப்பினர் பதிவிட்ட ஆபாசத்துக்கு நிர்வாகி பொறுப்பாக மாட்டார் என்று கூறியபோது, சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அவருக்கு வேறு அதிகாரம் பெரிதாக இல்லை என்பதைக் காரணமாகக் காட்டியது. சட்டம் பார்த்தாலும் சரி, தொழில்நுட்பம் பார்த்தாலும் சரி, குழுவை நடத்துவது என்பது கடைசியில் இந்த இரண்டு செயல்களில் வந்து நிற்கிறது.

இன்னொரு கடமையையும் சொல்ல வேண்டும். 2019-இல் யாஹூ தன் குழுமங்களின் சேமிப்பகங்களை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. முன்னேற்பாடாகப் படியெடுத்து வைத்தவர்களின் குழுக்கள் தப்பின, மற்றவை போயின. விலகும் உரிமை மனிதருக்கு உண்டென்றால், பேசிய பேச்சை எடுத்துச் செல்லும் வழியும் குழுவுக்கு இருக்க வேண்டும். குழுவைத் தொடங்கும் நாளிலேயே சேமிப்பகம் எங்கே, யார் பொறுப்பு, யார் படிக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும். நாளை முன்பின் அறியாத ஒருவர் படிப்பார் என்ற நினைப்பும் எழுதுபவரின் சொல்லைச் சற்று நிதானப்படுத்தும்.

ஆகவே குழு ஒன்றைத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை இது. நடத்தை விதிகளை எழுத உட்காரும் முன் விலகும் முறையை எழுதுங்கள். அதை ஒவ்வொரு மடலின் அடியிலும் இடுங்கள். கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். முற்றாக விலகாமல் ஒதுங்கியிருக்க வழி வையுங்கள். தண்டனையைச் சிறிதாகத் தொடங்கி, தவணை குறித்து, காரணம் சொல்லிக் கொடுங்கள். இவற்றைச் செய்த பிறகும் சண்டை வரத்தான் செய்யும். கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் விவாதத்துக்கு வேலையில்லை. ஆனால் அந்தச் சண்டை, தங்கள் விருப்பத்தால் அங்கே இருப்பவர்களுக்கு இடையே நடக்கும். எந்நேரமும் போகக்கூடியவர் இருந்து பேசுகிறார் என்றால், எதிரில் இருப்பவரின் பேச்சில் அவருக்கு ஏதோ மதிப்பிருக்கிறது. அந்த மதிப்பு இருக்கும்வரை மரியாதையை விதிகளால் ஊட்ட வேண்டிய தேவை குறைவு. அது இல்லாத இடத்தில் எத்தனை விதி எழுதினாலும் போதாது.